எட்டு டயருக்கு எட்டு எலுமிச்சம்பழம்

ஏனுங்க, அந்த எலுமிச்சம்பழத்தைச் சித்தெ பைக்குள்ள போட்டுக்கறீங்களா? மோந்து பாக்கறதுன்னா பாருங்க, வேண்டாங்கல. மலை பஸ்ஸு, நாலு வளைவு ஏறுனா வயித்தைப் பொரட்டத்தான் செய்யும். ஆனா என் கண்ணு முன்னால வச்சு உருட்டாதீங்க. போன வருசத்துல இருந்து அதைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. எங்க வீட்டுல இப்பெல்லாம் ஊறுகாய் கூட மாங்காதான்.

கோத்தகிரிங்களா? நானும் அங்கதான். பஸ்ஸு ஏன் இப்படி ஊருதுன்னு டிரைவரைத் திட்டுனீங்கல்ல, அந்த ஆளு மேல தப்பில்லைங்க. முன்னால இருநூறு பேரு சைக்கிள் மிதிச்சுட்டுப் போறானுங்க. ரேஸு. இன்னிக்குக் கடைசி நாள். நாலு நாள், நாலு மலை. மொத நாள் ஏற்காடு, ரெண்டாம் நாள் கொல்லிமலை, மூணாம் நாள் வால்பாறை, நாலாம் நாள் இந்தக் கோத்தகிரி. ஏறறது மட்டும்தான் கணக்கு. இறங்கறது வேன்ல. புத்தி இருக்கறவன் எவனாச்சும் மலையை மிதிச்சு ஏறிட்டு வேன்ல இறங்குவானா? நாங்க செஞ்சோம்.

ஆமாங்க, நானும்தான். போன வருசம் ஓட்டுனேன். ஓட்டுனது என்ன, கேப்டனே நான்தான். ஏன் அப்படிப் பாக்கறீங்க? தொப்பையைப் பாக்கறீங்களா? இது இப்ப வந்ததுங்க. போன வருசமும் இருந்துச்சு, ஆனா கெட்டியா இருந்துச்சு.

பேரு வெள்ளியங்கிரி. சிங்காநல்லூர்ல மோட்டார் காயில் கட்டற கடை. நாப்பத்தேழு வயசுல சக்கரை முன்னூத்தி இருவதுன்னு சொல்லி டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னாரு. அவரு சொன்னது வீட்டுல இருந்து கடைக்குங்க. நான் கொல்லிமலைக்குப் போயிட்டேன். எதையும் அரைகுறையாப் பண்ற பழக்கம் நம்மகிட்ட இல்ல.

டீமுக்கு நாலு பேரு. நான் ஒருத்தன். பூங்கொடின்னு ஒரு டீச்சர், பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லித் தர்றவங்க. இர்ஃபான்னு ஒரு காலேஜ் வாத்தியாரு, அவனுக்கு எல்லாமே நம்பருதான். நெஞ்சு எத்தனை தடவ அடிக்குது, காலு எத்தனை தடவ சுத்துதுன்னு கைக்கடிகாரத்தைப் பாத்துப் பாத்துச் சொல்லிட்டே வருவான். நாலாவது சகாயம். நாகர்கோவில் பக்கத்து ஆளு, எங்க ஏரியா தபால்காரரு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். என்னைய அண்ணே அண்ணேம்பான். அவனைப் பத்தித்தான் உங்ககிட்டச் சொல்ல வந்தேன். அவனாலதான் நான் இன்னிக்கு இந்தப் பஸ்ல உக்காந்திருக்கறேன்.

ஏன் நான் கேப்டன்னு கேக்கலியே? சட்டை நான் எடுத்துக் குடுத்தனுங்க. நாலு பேருக்கும் ஒரே மாதிரி, ஆரஞ்சு கலரு. முதுகுல பெருசா ‘வெள்ளியங்கிரி மோட்டார் வைண்டிங்’, அதுக்குக் கீழ கடை போன் நம்பரு. பின்னால வர்ற லாரிக்காரனுக்குக் கூடத் தெரியோணுமில்ல.

அதைவிட இன்னொண்ணு இருக்குது. இந்த ரேஸ்ல ஒரு விதி. நாலு பேருல மொத ஆளு வர்ற நேரம் கணக்கில்ல. நாலாவது ஆளு, கடைசியா வர்ற ஆளு கோட்டைத் தாண்டுனாத்தான் கடிகாரத்தை நிறுத்துவாங்க. எங்க டீமுக்கு நாலு நாளும் கடிகாரம் நின்னது யாரு தாண்டுனப்பன்னு நினைக்கறீங்க? நான் தாண்டுனப்பத்தான். மத்த மூணு பேரும் முன்னாலயே போயி என்ன பிரயோசனம்? நான் போய்ச் சேர்ற நேரம்தான் டீமோட நேரம். பொறுப்புன்னா அதுங்க.

சரி, சமாச்சாரத்துக்கு வர்றேன். மொத நாள், ஏற்காடு அடிவாரம். புதுச் சைக்கிளு, புதுச் சட்டை, நாலு மலை. ஒரு பூசை போடாம எப்படிங்க கிளம்பறது? வீட்டுல இருந்து எட்டு எலுமிச்சம்பழம் கொண்டுபோயிருந்தேன். எட்டு டயருக்கு எட்டு. சூடம் காட்டி, ஒவ்வொரு டயருக்கு அடியிலயும் ஒவ்வொண்ணா வச்சேன். இர்ஃபான் சொன்னான், “அண்ணா, இது லாரி இல்லைண்ணா. நம்ம டயரு என் கட்டை விரல் அகலம்தான் இருக்குது”ன்னு. நான் சொன்னேன், “டேய், நீ நம்பரைப் பாரு, சாமி சமாச்சாரம் நான் பாத்துக்கறேன்.” பூங்கொடி டீச்சர் சிரிச்சாங்க. சகாயம் பாருங்க, வேதக்காரன். மூஞ்சி சுளிப்பான்னு பாத்தா, சிலுவை போட்டுட்டு, “எனக்கும் வைங்கண்ணே, எந்தச் சாமி வந்து தள்ளுனா என்ன”ன்னான்.

விசில் அடிச்சாங்க. என் பழம் அழகா ஒதுங்கி உருண்டு போச்சு. பூங்கொடி, இர்ஃபான் ரெண்டு பேரும் நைசா ஓரமா உதைச்சு விட்டுட்டாங்க, அதைப் பொறவுதான் சொன்னாங்க, கள்ளனுங்க. சகாயம் ஒருத்தன்தான் சொன்னபடி பழத்து மேல நேரா ஏத்துனான். பழம் நசுங்கல. வழுக்கிருச்சு. ரேஸ் ஷூவு பெடலோட பூட்டிக்குமுங்க, பயலுக்குக் காலு ரெண்டும் அதுல மாட்டிக் கிடக்குது, எடுக்க முடியல. அப்படியே மரம் சாயற மாதிரி இடது கையை ஊனி விழுந்தான். நாலு மலை ரேஸ்ல நாங்க மொத்தம் ஓட்டியிருந்தது மூணடி தூரம்.

எலுமிச்சம்பழத்து மேல தப்பில்லைங்க. என் மாமனாரு லாரிக்கு முப்பது வருசமா வைக்கறாரு, ஒரு லாரி வழுக்கி விழுந்ததில்ல. சகாயம் மிதிச்ச விதம் தப்பு. அதை அன்னிக்கே அவன்கிட்டச் சொல்லிட்டேன்.

மணிக்கட்டு சித்தெ வீங்கியிருந்துச்சு. “ஒண்ணுமில்லண்ணே, சுளுக்கு”ன்னு சொல்லி ஒரு கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கிட்டான். கிளம்பிட்டோம்.

இனித்தான் விசயமே. ஏற்காட்டுல இருவது வளைவு. ஆறாவது வளைவு தாண்டறேன், எனக்கு லேசா மூச்சு வாங்குது, லேசாத்தான். பாத்தா முதுகுல ஒரு கை. சகாயம் பக்கத்துல வந்து, என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல, சரியா என் போன் நம்பரு மேல கையை வச்சுக்கிட்டான். “என்னடா?”ன்னேன். “ஒண்ணுமில்லண்ணே, நீங்க மிதிங்க”ன்னான். பாவம், விழுந்தவன், கை வலிக்குது, பிடிமானம் வேணும் போலன்னு விட்டுட்டேன். விட்டது தப்பாப் போச்சு. அன்னிக்கு வச்ச கையை நாலு நாளும் எடுக்கலைங்க! நான் ஏறறதே பெருசு, இதுல இன்னொருத்தனைத் தாங்கிக்கிட்டு ஏறோணும்னா எப்படி இருக்கும்? செத்தேன். என்னைய என்ன பஸ்ஸுல தொங்கற கைப்பிடின்னு நினைச்சுட்டானா?

இருங்க. என்னங்கம்மா? பேப்பரா? பையன் வாந்தி எடுத்துட்டானா? அடடா. இல்லைங்கம்மா, இது பேப்பர் இல்லைங்க, மனு. அஞ்சு காப்பி இருக்குதுன்னாலும் அஞ்சும் வேணும்ங்க. கண்டக்டர்கிட்டக் கேளுங்க, வச்சிருப்பாரு.

எங்க விட்டேன்? கொல்லிமலை. எழுவது வளைவுங்க. எழுவது! அங்க ஒவ்வொருத்தரோட குணமும் வெளிய வந்துச்சு. பூங்கொடி டீச்சர் பத்தாவது வளைவுலயே என் சைக்கிள்ல இருந்த ரெண்டு தண்ணி பாட்டிலையும் உருவி அவங்க சட்டைப் பின்பையில சொருகிட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு அவ்வளவு தாகம். நான் கேக்கறப்ப மட்டும் எடுத்து நீட்டுவாங்க, மறுபடி வாங்கி வச்சுக்குவாங்க. என் தண்ணியை நான் கேட்டுக் குடிக்கற நிலைமை. இர்ஃபான் என்ன பண்ணுனான்? சரியா எனக்கு முன்னால ஒரு முழம் இடைவெளி விட்டு ஓட்டறான். நான் வலது பக்கம் போனா வலது பக்கம் வர்றான், இடது பக்கம் போனா இடது பக்கம் வர்றான். காத்து நம்ம மேல பட விடறதே இல்ல. எழுவது வளைவும் அவன் முதுகைத்தான் பாத்தேன். கொல்லிமலை எப்படி இருக்கும்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது, என் கடை போன் நம்பரு மனப்பாடம்.

பின்னால இவன் கை. முன்னால அவன் முதுகு. பக்கத்துல தண்ணியைத் தூக்கிட்டுப் போன டீச்சர். இதுதாங்க எங்க டீம். நான் ஒருத்தன் இல்லைன்னா என்ன ஆயிருக்கும்?

என் உடம்பு அன்னிக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க! வால்பாறையில நாப்பது வளைவுல சும்மா பஞ்சு மாதிரி மிதிச்சேன். வீட்டுக்காரி செஞ்சு குடுத்த கொள்ளுப் பருப்பு. கொள்ளோட பலம். சகாயம் நடுவுல தண்ணி குடிக்கக் கையை எடுப்பான், அப்பத்தான் வண்டி பொக்குனு கனத்துப் போகும். எதிர்காத்து. மறுபடி வந்து ஒட்டிக்குவான், காத்தும் நின்னுரும். மலையில காத்து அப்படித்தான், சொல்ல முடியாது.

கடைசி நாள் இதே ரோடு. இதோ இப்பத் தாண்டுனமே குஞ்சப்பனை, அங்க என் காலு ரெண்டும் முறுக்கிக்கிச்சு. கெண்டைக்காலு கல்லாட்டம் ஆயிருச்சு. மூணரை மணி நேரத்துக்குள்ள போகலைன்னா டீமையே பட்டியல்ல இருந்து தூக்கிருவாங்க, நாலு நாள் மிதிச்சதும் வீணு. ரோட்டோரத்துல பலாப்பழம் விக்கற அம்மா ஒருத்தங்க, “கண்ணு, ஏன் சாமி இப்படி உசுரை விடறே, பஸ்ஸு வருமே”ன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சுங்க, பொய் சொல்ல மாட்டேன். இறங்கிரலாம்னு சொல்லிட்டேன். இவன் விடல. சகாயம். “அண்ணே, நீங்க காலைச் சும்மா சுத்துங்க, போதும்”ன்னான். நான் சும்மா சுத்துனேன். சும்மா சுத்தியே கோத்தகிரி வந்துருச்சு! அம்பது செகண்டு மிச்சம். கோட்டைத் தாண்டறப்ப ரெண்டு கையையும் தூக்கிட்டேன் பாருங்க, அடா அடா. கூட்டம் கை தட்டுது. திரும்பிப் பாத்தா சகாயம் ரோட்டுல மல்லாந்து கிடக்கறான். வயசுப் பையன், என்னைவிடப் பன்னண்டு வயசு சின்னவன், கிடக்கற கிடையைப் பாக்கோணும். உடம்பைப் பாத்துக்கறதில்ல.

மறுநாள் கோயமுத்தூர்ல எக்ஸ்ரே எடுத்தா சுளுக்கு இல்லையாம், எலும்பு உடைஞ்சிருந்துச்சாம். மொத நாளே உடைஞ்சிருக்குது. நாலு நாள் அதையே அழுத்தி அழுத்தி ஓட்டுனதுல விலகிப் போச்சுன்னு சொல்லித் தகடு வச்சுட்டாங்க. ரெண்டு மாசம் தபால் பை தூக்க முடியல. நான் போய்ப் பாத்தனுங்க. ஆப்பிளு, ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டுப் போனேன். அவன் சம்சாரம் காப்பி கலக்கப் போனப்ப அவன்கிட்ட நல்லதா நாலு வார்த்தை சொன்னேன். “சகாயம், மனுசன் யாரு மேலயும் சாயக்கூடாது. சொந்தப் பலத்துல ஏறோணும்”னு. சிரிச்சான். “சரிண்ணே”ன்னான். அவ்வளவுதான்.

இந்த வருசம் டீமே இல்ல. டீச்சரும் இர்ஃபானும், “சகாயண்ணன் ஓட்டாம வேண்டாம்”னுட்டாங்க. ஏனுங்க, கேப்டன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன், அவன் இல்லைன்னா என்ன? அதைக் கூட மன்னிச்சேன். போன வாரம் போன்ல ஒரு செய்தி வருது. போன வருசத்து ரேஸ்ல ‘சிறந்த கூட்டாளி’ன்னு எல்லா டீம் ஆளுகளும் ஓட்டுப் போட்டு ஒருத்தரைத் தேர்ந்தெடுத்திருக்காங்களாம். இன்னிக்கு மத்தியானம் கோத்தகிரியில மேடை போட்டுப் பொன்னாடையும் கோப்பையும். யாருக்கு? சகாயத்துக்கு! நானும் ஓட்டுப் போட்டனுங்க. எனக்குத்தான் போட்டேன், வேற யாரு இருக்கறா? இருநூத்திச் சொச்சம் ஓட்டுல எனக்கு விழுந்தது ஒண்ணு.

வயிறு எரியுமா எரியாதா? நாலு மலை அவனைத் தாங்குனவன் நான், பொன்னாடை அவனுக்கு. அதுக்குத்தான் இந்த மனு. மூணு பக்கம், டைப் அடிச்சது. மேடையில அஞ்சு நிமிசம் மைக் கேட்டிருக்கறேன், பழைய கேப்டன்னு சொன்னதும் குடுத்துட்டாங்க. வாழ்த்திப் பேசுவேன்னு நினைச்சுட்டிருக்காங்க. அவன் பொண்டாட்டி பிள்ளைங்க முன் வரிசையில உக்காந்திருப்பாங்க. இருக்கட்டும். பொன்னாடையைப் பிரிக்கறதுக்கு முந்தி நான் படிப்பேன். இவன் நாலு நாளும் அடுத்தவன் முதுகைப் பிடிச்சுட்டு ஓசியில மலை ஏறுனவன்னு அத்தனை பேரு முன்னால படிப்பேன். ஆதாரம் இல்லாம இல்லைங்க. கடைசிப் பக்கத்துல போட்டோ இருக்குது. பின்னால வேன்ல வந்த போட்டோக்காரரு எடுத்தது. பாருங்க. இது நானு. இது அவன். என் முதுகு மேல கை தெரியுதா? நம்பரே மறைஞ்சு போச்சு பாருங்க, ஆறுல இருந்து அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல.

என்னங்க?

எந்தக் கைன்னா கேக்கறீங்க? அவன் கைதான். அடிபட்டது இடது கைங்க, சொன்னனே. கைக்குட்டை கட்டுனது. வலிக்குதுன்னு என் மேல...

இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன்.

கைக்குட்டை கட்டுன கை ஹேண்டில்ல இருக்குது. என் முதுகுல இருக்கறது வலது கை. நல்ல கை. சரி, அதனால என்ன? கை வலிக்கறவன் என்ன பண்ணுவான், நல்ல கையால ஹேண்டிலைப் பிடிச்சுட்டு, வலிக்கற கையை... ஆமா. வலிக்கற கையைத்தான எங்கியாச்சும் வைக்கோணும். இவன் என்ன பைத்தியக்காரன், உடைஞ்ச கையால வண்டியைப் பிடிச்சுட்டு நல்ல கையை எதுக்கு என் முதுகுல...

சிரிக்காதீங்க. சிரிக்கலையா? சரி.

முழங்கையைப் பாருங்க, எப்படி விறைப்பா நிக்குதுன்னு. சாயறவன் கை இப்படியா இருக்கும்? கடையில நாங்க பழுதான மோட்டாரைத் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளுவோம்ங்க, அப்ப இப்படித்தான் இருக்கும். இத்தனை மாசமா இந்தப் போட்டோவைப் பாக்கறேன். நம்பரு மறைஞ்சு போச்சேன்னுதான் பாத்திருக்கறேன்.

அப்ப வால்பாறையில கொள்ளு இல்லையா? கையை எடுத்தா எதிர்காத்துன்னு சொன்னனே. கருமம். அந்த டீச்சர் எதுக்கு என் தண்ணியைத் தூக்குனாங்க? அவங்க பாட்டில்ல தண்ணி அப்படியே இருந்துச்சுங்க, நான் கண்ணால பாத்தேன். இர்ஃபான் எதிர்காத்து என் மேல அடிக்காம மறைச்சான். மறைச்சான்னு நானே என் வாயால சொன்னேன்.

வாயைத் திறந்திருக்கலாமில்ல? ஒருத்தனாச்சும், “அண்ணே, உங்களைத் தள்ளிட்டுத்தான் போறோம்”னு சொல்லியிருக்கலாமில்ல? சொல்லியிருந்தா நான் ஏற்காட்டுலயே இறங்கியிருப்பேன். அது அவனுங்களுக்குத் தெரியும். நல்லாத் தெரியும்.

பழம் வச்சது நான். சிலுவை போட்டுட்டு அது மேல ஏத்துனவன் அவன் ஒருத்தன்தான். மத்த ரெண்டு பேரும் தள்ளி விட்டுட்டாங்க. இவன் நான் வச்சேன்னு ஏத்துனான். அந்தக் கை உடைஞ்சு, அதையே ஊனிக்கிட்டு என்னைய நாலு மலை தள்ளியிருக்கறான். நான் அவன் வீட்டுக்குப் போயி, கையில தகடு வச்சுப் படுத்திருக்கறவன்கிட்ட, சாயாத, சொந்தப் பலத்துல ஏறுன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன். சிரிச்சானுங்க. “சரிண்ணே”ன்னான். சம்சாரத்துகிட்டக் கூடச் சொல்லியிருக்க மாட்டான், சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு எனக்குக் காப்பியா குடுத்திருக்கும்?

வெக்கமா இருக்குதுங்க. இந்த வயசுல, முன்னப் பின்ன தெரியாத உங்க முன்னால. உங்க முன்னாலன்னாப் பரவாயில்ல. இருநூறு பேரு ஓட்டுப் போட்டிருக்காங்க. எல்லாரும் பாத்திருக்காங்க. என்னையத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

ஏம்மா, பையனுக்கு இன்னும் நிக்கலையா? இந்தாங்க பேப்பரு. இந்தாங்க, அஞ்சு காப்பியும். மனுவெல்லாம் இல்ல, சும்மா பேப்பருதான், துடைங்க. இருங்க, இருங்க, அந்தக் கடைசித் தாளு ஒண்ணை மட்டும் திருப்பிக் குடுங்க. போட்டோ இருக்கறது. அது வேணும்.

அரவேணு வந்துருச்சு. இன்னும் கொஞ்ச தூரம்தான். மேடையில பேரைக் கூப்பிடுவாங்க. காலு முறுக்கிக்கிச்சுன்னு சொல்லிப் போகாம இருந்துரலாம்தான். ஆனா அவன் வாசல்லயே நின்னு, “அண்ணன் வந்துட்டாரா”ன்னு பாத்துட்டிருப்பான். அவன் அப்படிப்பட்ட ஆளு.

போறேன். அஞ்சு நிமிசம் இருக்குதுல்ல. மொதல்ல இருந்து சொல்லோணும்னா ஏற்காட்டு அடிவாரத்துல இருந்துதான் சொல்லோணும், வேற வழியில்ல. ஏனுங்க, உங்க பையில இருக்கற அந்த எலுமிச்சம்பழத்தை எனக்குக் குடுப்பீங்களா? மைக்கைப் பிடிச்சதும் கையில தூக்கிக் காட்டோணும்.